ஒன்றும் நடக்காத ஆண்டு

ஆனி, ஆடியில் நல்ல மழை ஒன்று பிடித்துவிட்டால், திண்டிவனத்தைச் சுற்றியுள்ள செம்மண் கொல்லைகளில் பொழுது சாய்ந்ததும் வெள்ளை அந்துப்பூச்சிகள் கிளம்பும். இறக்கையின் முன்விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு ஓடியிருக்கும். பத்து மாதம் வரப்போரத்திலும் மரநிழலிலும் ஒரு சாண் ஆழத்துக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்தவை அவை. ஈரம் இறங்கியதும் வெளியே வந்து, கூடி, மல்லாட்டை (நிலக்கடலை) இலையின் அடிப்புறத்தில் முட்டையிடும். மூன்று நான்கு நாளில் அவை பொரியும். குஞ்சுப்புழுக்கள் முதலில் ஒரே இலையில் கூட்டமாக இருந்து பச்சையத்தைச் சுரண்டும். வளர வளர இலை, கொழுந்து எல்லாம் போய்க் காம்புதான் மிஞ்சும். ஒரு கொல்லை மொட்டையானால் கூட்டமாக அடுத்த கொல்லைக்கு நடக்கும். செம்பழுப்பு மயிர் போர்த்திய இந்தப் புழுவைச் சிவப்புக் கம்பளிப்புழு என்கிறது வேளாண்துறை. ஊரில் கம்பளிப்பூச்சி என்றால் போதும்.

ஒரு தாய்ப்பூச்சி ஏறக்குறைய 700 முட்டை இடும். பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். ஒன்றுகூடச் சாகாமல், பாதி பெண்ணாகப் பிழைத்தால் அடுத்த மழைக்கு 2,45,000 முட்டை. அதற்கடுத்த மழைக்கு 8 கோடியே 57 லட்சம். விழுப்புரம் மாவட்டத்தின் மல்லாட்டைப் பரப்பு முழுவதும் அதற்குப் பிறகு எத்தனை நாள் தாங்கும்?

பெருக்கம் உணவை மீறி ஓடும், பஞ்சம்தான் அதை நிறுத்தும் என்று 1798-ல் பொருளியலாளர் மால்தஸ் எழுதினார். மனிதரை வைத்து அவர் போட்ட கணக்கு அது. கம்பளிப்பூச்சியை வைத்துப் பார்த்தால் வேறொன்று உறுத்துகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் கொல்லை பச்சையாகவே நிற்கிறது, தின்ன இலை ஏராளமாக மிச்சமிருக்கிறது, ஆனாலும் பூச்சி பெருகவில்லை. போன வருஷம் இருந்த அளவே இந்த வருஷமும் இருக்கிறதென்றால், 700-ல் சராசரியாக இரண்டுதான் பிழைத்து இனத்தைத் தொடர்ந்திருக்கிறது. பசி வருவதற்கு முன்பே மீதி 698 எங்கோ செத்திருக்கின்றன.

சாவு பல கைகளால் நேர்கிறது. கோடை உழவில் ஏர் புரட்டிப்போட்ட கூட்டுப்புழுவைக் கரிச்சானும் மைனாவும் கொக்கும் பின்தொடர்ந்து பொறுக்கும். எஞ்சியதில் ஒரு பங்கை வெயிலே வாட்டிவிடும். மழை பிந்தினால் பூச்சி கிளம்புவதே தள்ளிப்போகும். மற்றப் பறவைகள் பொதுவாக ஒதுக்கும் மயிர்ப்புழுவைச் சுடலைக்குயில் விரும்பித் தின்னும். இவற்றோடு நச்சுயிரி நோய் ஒன்றும் உண்டு. அது தொற்றிய புழு செடியின் நுனிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் செத்து, உடல் கரைந்து கீழிலைகளில் ஒழுகும். அந்த இலையைத் தின்ற புழுவுக்கும் அதே கதி. புழு நெருக்கமாக இருந்தால்தான் இந்த நோய் வேகமாகப் பரவும். பெருக்கமே தனக்கான தடையையும் பெருக்கிக்கொள்கிறது.

எது உண்மையான தடை என்பதில் ஆஸ்திரேலியப் பூச்சியியலாளர்களிடையே பெரிய சண்டையே நடந்தது. கூட்டம் நெருங்க நெருங்க இறுகும் தடைகள்தான், அதாவது எதிரிகளும் இரைக்கான போட்டியும்தான், எண்ணிக்கையை ஒரு நிலையில் நிறுத்துகின்றன என்று 1933-ல் நிக்கல்சன் வாதிட்டார். ஆண்ட்ரூவார்த்தாவோ அடிலெய்டில் ரோஜாப் பூக்களில் இலைப்பேனைப் பல ஆண்டு எண்ணிய தரவைக் கையில் வைத்திருந்தவர். ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதியை வானிலையை வைத்தே சொல்லிவிடலாம் என்றார். 1954-ல் சக ஆய்வாளர் பிர்ச்சுடன் சேர்ந்து அதைப் புத்தகமாகவும் எழுதினார். திண்டிவனத்து மானாவாரிக்காரரிடம் கேட்டால் இரண்டு பேரையும் ஏற்றுக்கொள்வார் என்றே நினைக்கிறேன். பூச்சியைக் கிளப்புவது மழை. கிளம்பியது எத்தனை மிஞ்சும் என்பது மற்றவர்கள் கையில்.

அந்த மற்றவர்கள் யார் என்பது அவர்கள் போன பிறகுதான் தெரிகிறது. நெல்லில் புகையான் ஒரு காலத்தில் பெரிதாகப் பொருட்படுத்தப்படாத பூச்சி. 1970-களில் ஆசியா முழுக்க மருந்தடிப்பு கூடியது. வயலில் புகையானைத் தின்றுகொண்டிருந்த சிலந்திகள் முதலில் செத்தன. தண்டுக்குள் இடப்பட்ட புகையான் முட்டைகள் தப்பின. அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது. இந்தோனேசியா 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்த பின்புதான் அங்கே நிலைமை மாறத் தொடங்கியது. அதுவரை அந்தச் சிலந்திகளுக்குச் சம்பளம் கொடுத்தவர் யாருமில்லை.

சாதாரண ஆண்டு என்று ஒன்று தானாக இருப்பதில்லை. விளைச்சல் வந்தது, பூச்சி அதிகமில்லை என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோமே, அந்த ஒன்றும் நடக்காத ஆண்டைக் கரிச்சானும் குயிலும் கிருமியும் வெயிலும் ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் செய்து தருகின்றன. உயிரின் இயல்பு பெருகுவது. அளவாக இருப்பதுதான் உழைப்பு. அந்த உழைப்பு தடைப்பட்ட வருஷத்தைத்தான் நாம் பூச்சி வருஷம் என்கிறோம்.

அப்போது வேலை மனிதன் தலையில் விழுகிறது. மழை விட்ட இரவில் ஏழிலிருந்து பதினொன்று வரை விளக்குப் பொறியோ சொக்கப்பனை மாதிரித் தீயோ வைக்க வேண்டும். முட்டைக் குவியல் இருக்கும் இலையைக் கிள்ளி அழிக்க வேண்டும். கொல்லையைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குச் செங்குத்தாகப் பள்ளம் வெட்டி, நடந்து வரும் புழுவை விழவைக்க வேண்டும். நடுநடுவே எருக்கங்கிளை, காட்டாமணக்குக் கிளை போட்டால் புழு அதில் ஏறும், பொறுக்கிக் கொல்லலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் மட்டும் தீ வைத்தால் அக்கம்பக்கத்துப் பூச்சியெல்லாம் அவர் கொல்லைக்கே வரும். ஊரே ஒரே இரவில் வைத்தாக வேண்டும். பேசாத இரண்டு பங்காளிகளும் சேர்ந்து வைத்தாக வேண்டும் என்பதை எந்த வேளாண் கையேடும் சொல்வதில்லை.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 2 ரகம் 1940-லிருந்து ஆந்திரம், கர்நாடகம் வரை போய் விளைந்தது. அந்த ரகம் பிறந்த ஊரில், நெடுஞ்சாலையின் இருபுறமும் மல்லாட்டைக் கொல்லைகள் பல இப்போது வண்ணக்கல் நட்ட மனைகளாகிவிட்டன. கம்பளிப்பூச்சியை இவ்வளவு முழுமையாக நிறுத்திய தடை வேறில்லை. வரப்பும் அதோடு போயிற்று, ஏர் பின்னால் நடந்த கரிச்சானும் போயிற்று. மனைக்கு முன்பணம் கட்டியவர் இந்த ஆனியில் விளக்கைப் போட்டால் அதை மொய்க்கப்போவது கொசு.