கொடுக்கப்படாதவர்களின் கொடை

நற்செய்தியில் நோயுற்றோர் பலர் வருகின்றனர். எரிகோவின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பார்வையற்றவன் ஊர் கேட்கக் கூவி அழைத்தான். நடக்க இயலாதவனை நண்பர்கள் கூரையைப் பிரித்துக் கூட்டத்தின் நடுவே இறக்கினார்கள். தொழுகைக்கூடத் தலைவர் யாயீர் எல்லார் முன்னிலையிலும் காலில் விழுந்து மகளுக்காக மன்றாடினார். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய அந்தப் பெண் மட்டும் ஓசையின்றிப் பின்புறமாக வந்தாள். அவளுடைய நோய் வாய்விட்டுச் சொல்லக்கூடிய நோயாக இருக்கவில்லை. குணத்தைக்கூட ஒருவரும் அறியாமல் பெற்றுக்கொண்டு போய்விடவே அவள் எண்ணினாள்.

இந்தப் பகுதி திருப்பலியில் வாசிக்கப்படும் போதெல்லாம் எனக்கு என் பெரியம்மாவின் நினைவு வரும். அவிநாசிக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர். ஆண்டுதோறும் அக்டோபரில் கருமத்தம்பட்டி செபமாலை மாதா திருவிழாவுக்கு நடந்தே போவார். ஓர் ஆண்டு போகவில்லை, மூட்டுவலி என்றார். மறு ஆண்டும் அதையே சொன்னார். மாதவிடாய் நின்று பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உதிரம் படுவதைப் பெற்ற மகளிடம்கூட அவர் சொல்லவில்லை. கடைசியில் கோவைக்கு அழைத்து வந்தபோது கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிச் சிறுநீர்ப் பாதையை அடைத்திருந்தது. "முன்னமே சொல்லியிருக்கலாமே பெரியம்மா" என்றேன். "இதையெல்லாம் யாருகிட்டப் போயிச் சொல்றது கண்ணு? வயசான காலத்துல இருக்கிறதுதானேன்னு இருந்துட்டேன்" என்றார். சில மாதங்களில் அடக்கம் செய்தோம். இறைவனின் திருவுளம் என்று சொல்லி ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம்.

எங்கள் ஊரிலிருந்து ஒரு பகலில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் நடந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் பின்னர் படித்தேன். அதன்பின் அந்த ஆறுதல் மொழி என் நாவில் எளிதாக வருவதில்லை.

அம்பிளிக்கையில் நடந்தது

பழனியைக் கடந்து ஒட்டன்சத்திரத்தை நோக்கிச் செல்லும்போது கொங்கு நாட்டின் தென்னெல்லை வருகிறது. காய்கறிச் சந்தைக்குப் பேர்போன அந்தப் பகுதியில், திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த அம்பிளிக்கை என்னும் ஊரில் ஒரு கிறிஸ்தவ சமூக நல மருத்துவ நிலையம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அந்நிலையமும், உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் ஓர் ஆய்வைத் தொடங்கின. முதன்மை ஆய்வாளர் மருத்துவர் ஆர். சங்கரநாராயணன்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதன்று. மனிதப் பாப்பிலோமா என்னும் வைரஸ் தொற்றி, பெரும்பாலானோரிடம் தானே மறைந்து, சிலரிடம் மட்டும் நிலைத்துத் தங்குகிறது. அப்படித் தங்கிய இடத்தில் திசுக்கள் மெல்ல மாறிப் புற்றாக முற்றுவதற்குப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். இந்த வைரஸுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹாவுசனுக்கு 2008-இல் நோபெல் பரிசு கிடைத்தது. முற்றிய நோய்க்கும் சிகிச்சை முன்னேறியிருக்கிறது. கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் பிழைப்போர் மிகுவர் என்பது 1999-இல் உறுதியாயிற்று. ஆயினும் அந்தப் பத்தாண்டு அவகாசத்தில் நோயைக் கண்டுகொள்வதற்கு ஈடானது எதுவுமில்லை.

கண்டுகொள்ளும் வழியோ மிக எளியது. வினிகரில் உள்ள அதே அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கொளியில் பார்க்க வேண்டும். மாறுபட்ட திசு வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் போதும். பல வேளைகளில் குளிர்வாயுவால் அந்த இடத்தை உறைய வைத்து உடனேயே அழித்துவிடலாம்.

எளிய இம்முறை உண்மையில் உயிரைக் காக்குமா? அதை அறியவே ஆய்வு நடந்தது. 114 ஊர்த் தொகுதிகள் தேர்ந்துகொள்ளப்பட்டு, சீட்டுப் போடுவதைப் போலச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டன. 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரை உள்ள 49,311 பெண்கள் பரிசோதனைக்கு உரியவர்கள். மற்ற 57 தொகுதிகளில் இருந்த 30,958 பெண்களுக்கு வழக்கமாகக் கிடைத்துவந்த மருத்துவ வசதி மட்டுமே, பரிசோதனை இல்லை. முடிவுகள் 2007-இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. பரிசோதனைக்குரிய ஊர்களில் 2006 வரை இந்நோயால் இறந்தவர்கள் 83 பேர். எண்ணிக்கையில் சிறிதான மற்றக் குழுவிலோ 92 பேர். கணக்கிட்டுப் பார்த்தபோது நோய் வருவது நூற்றுக்கு 25 பங்கும், இறப்பு 35 பங்கும் குறைந்திருந்தன.

நிறுத்தி வைப்பது நீதியா?

இந்த இடத்தில் நம் மனச்சான்று ஒரு கேள்வி எழுப்புகிறது. அந்த 92 பெண்கள் யார்? சீட்டு வேறு விதமாக விழுந்திருந்தால் அவர்களுள் சிலர் இன்று பேரன் பேத்திகளை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கக் கூடுமன்றோ? ஓர் உண்மையை அறிவதற்காக ஒரு பகுதியினருக்கு உதவியை நிறுத்தி வைப்பது நீதியாகுமா?

இக்கேள்வியை வெளிப்படையாக எழுப்பியவர்கள் உண்டு. மும்பையிலும் மராட்டியத்தின் உஸ்மானாபாத்திலும் திண்டுக்கல்லிலும் நடந்த இத்தகைய ஆய்வுகளை அமெரிக்க நோய்க்கூற்றியல் மருத்துவர் எரிக் சூபா கடுமையாகக் கண்டித்தார். பரிசோதனையால் உயிர் காக்கப்படும் என்பது மேலைநாடுகளில் முன்பே தெரிந்திருக்க, ஏழைப் பெண்களில் ஒரு பகுதியினரை அது இல்லாமல் விட்டது முறையன்று என்பது அவர் வாதம். மறுபுறம் கூறப்படுவதும் எளிதில் தள்ளத்தக்கதன்று. மேலைநாடுகளில் பயன்பட்டது வேறொரு முறை. ஆய்வுக்கூடமும் நிபுணர்களும் வேண்டப்படும் அந்த முறையை நம் சிற்றூர்களில் நடத்த இயலவில்லை. வினிகர் முறை பலன் தருமா, தேவையற்ற சிகிச்சையால் தீங்கு விளைக்குமா என்பது அன்று ஐயத்திற்குரியதாகவே இருந்தது. ஆய்வாளர்கள் வருவதற்கு முன்னர் அந்த 114 தொகுதிகளில் ஒன்றிலும் முறையான பரிசோதனை நடக்கவில்லை.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952 செப்டம்பரில் மருத்துவ அறிஞர்களுக்கு ஆற்றிய உரையில் இதே எல்லைக்கோட்டைத் தொட்டார். அறிவியலின் நலன் உயர்ந்ததே. சமுதாயத்தின் நலனும் உயர்ந்ததே. ஆயினும் இரண்டும் எல்லையற்றவை அல்ல என்பது அவர் போதனையின் சாரம். உடலுக்கு உறுப்பு இருப்பதைப் போலச் சமுதாயத்திற்காக மட்டுமே மனிதன் இருக்கவில்லை. நாத்சி முகாம்களின் கொடுமைகள் உலகறிய வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எனினும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அந்த 30,958 பெண்கள் தங்களுக்குக் கிடைக்காத ஒன்றின் வாயிலாக நமக்கு ஓர் அறிவைக் கொடுத்துச் சென்றிருக்கிறார்கள். அவர்கள் இல்லையேல் ஒப்பிட ஒன்றுமில்லை. ஒப்பீடு இல்லையேல் உறுதியும் இல்லை. எனவே அந்த அறிவு நமக்கு இலவசமாக வந்ததன்று. அதன்மீது ஒரு கடன் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதே கடனைத் தீர்க்கும் வழி. பயன்படுத்தாமல் பெட்டியில் பூட்டி வைத்தால் அந்த இறப்புகள் இரண்டாம் முறை வீணாகின்றன.

நாம் என்ன செய்தோம்? தமிழக அரசு 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கிப் பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டு சென்றது. 2023-இல் ஈரோடு உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் வீட்டுக்கே அழைப்பு அனுப்பும் திட்டமும் தொடங்கிற்று. அப்படியிருந்தும், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 30 முதல் 49 வயது வரை உள்ள தமிழகப் பெண்களில் இப்பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 9.8 பேர் மட்டுமே. இந்தியா முழுவதற்கும் 1.9 பேர்தாம். ஆய்வாளர்கள் ஒரு காரணத்திற்காக, சில ஆண்டுகளுக்கு, பாதி ஊர்களுக்குக் கொடாதிருந்தார்கள். நாமோ எந்தக் காரணமும் இல்லாமல், விடை தெரிந்த பின்னும், பத்தில் ஒன்பது பேரை அந்த இரண்டாம் குழுவிலேயே வைத்திருந்தோம். முதலாவதைக் குறித்து வழக்காடியவர்கள் உண்டு. இரண்டாவதைக் குறித்து வழக்காடுவார் யார்?

வராமல் போனவர்கள்

குறையை அரசின் மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அம்பிளிக்கை ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. பரிசோதனைக்கு உரியவர்களான 49,311 பேரில் வந்தவர்கள் 31,343 பேர். ஏறத்தாழ 18,000 பெண்கள் வரவில்லை. புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பேரிலும் நூற்றுக்கு 72 பேரே சிகிச்சை பெற்றார்கள்.

அவர்களை அறியாதவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஒரு நாள் கூலி போனால் அன்றைய அடுப்புக்கு என்ன செய்வது என்பது ஒரு கவலை. பனியன் கம்பெனிக்கோ விசைத்தறிக்கோ போகிற பெண் யாரிடம் விடுப்புக் கேட்பாள், என்ன காரணம் சொல்லிக் கேட்பாள்? மாமியார் என்ன நினைப்பார், கணவர் என்ன கேட்பார் என்பது வேறொரு கவலை. வலி ஒன்றும் இல்லாதபோது எதற்காகப் போய் உடலைக் காட்டுவது என்னும் நாணம் எல்லாவற்றுக்கும் மேல். நாணத்தை நாம் ஒரு புண்ணியமாகப் போற்றி வளர்த்தோம். அதற்கு ஓர் எல்லை உண்டென்பதைச் சொல்லிக் கொடுக்கத் தவறினோம். என் பெரியம்மாவிடம் இருந்த நாணம் எங்கள் வீடு அவருக்குக் கற்பித்தது.

இந்த வைரஸ் தாம்பத்திய உறவின் வழியே பரவுவது என்பதால் மற்றொரு தயக்கமும் நம்மிடையே உண்டு. நோயாளியைப் பார்க்கும் பார்வையில் ஐயம் கலந்துவிடுகிறது. கணவனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் இது வரும் என்பதை மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் இது யாருடைய பாவம் என்று ஆராயப் புகுந்தபோது, ஆண்டவர் அந்த ஆராய்ச்சியையே தள்ளிவிட்டு அவனைக் குணமாக்கினார். அந்தப் பாடத்தை நாம் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை.

தடுப்பூசி விஷயத்திலும் இதே தயக்கம்தான். "எங்கள் பெண்ணுக்கு எதற்கு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி ஊசி எதுவும் சொல்வதில்லை. அவள் நாளை மணக்கப் போகிறவனின் கடந்த காலத்திற்குப் பெற்றோர் பிணை நிற்க முடியாது என்பதே அதற்கு விடை.

நின்றுபோன ஆய்வின் பலன்

தடுப்பூசியின் வரலாற்றிலும் அம்பிளிக்கைக்கு ஓர் இடம் உண்டு. சிறுமியருக்கு இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று அறிய 2009-இல் இந்தியாவில் பல இடங்களில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. அம்பிளிக்கையும் அவற்றுள் ஒன்று. அதே காலத்தில் ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு திட்டத்தில் ஊசி பெற்ற சிறுமியர் சிலர் இறந்தனர். விசாரணையில் அந்த இறப்புகளுக்கு ஊசி காரணமென்று தெரியவில்லை. ஆனால் பெற்றோரிடம் முறையாக ஒப்புதல் பெறாமல் விடுதிக் காப்பாளர்களிடம் கையொப்பம் வாங்கியது வெளிப்பட்டது. அது பெரும் பிழை. 2010 ஏப்ரலில் அரசு இத்தகைய ஆய்வுகள் யாவற்றிலும் ஊசி போடுவதை நிறுத்திற்று.

அதனால் ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2021-இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. ஓர் ஊசி பெற்றவர்களும் மற்றவர்களுக்கு ஏறத்தாழ நிகராகவே பாதுகாக்கப்பட்டிருந்தார்கள். இதையும் இது போன்ற பிற சான்றுகளையும் கொண்டு, ஓர் ஊசியும் போதும் என்று 2022-இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்றது. ஏழை நாடுகளின் செலவு அதனால் பெரிதும் குறைகிறது. குறைவாகக் கொடுக்கப்பட்டவர்களிடமிருந்தே இங்கும் உலகம் பெற்றுக்கொண்டது. தமிழக அரசும் 14 வயதுச் சிறுமியர்க்கு இவ்வூசியைப் படிப்படியாகப் போட 2025-26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்தில் இரத்ததான முகாம் நடத்துகிறோம். கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோம். இதற்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். அன்பியக் கூட்டத்தில் ஒரு செவிலியரை அழைத்துப் பேசச் சொல்லலாம். அந்தக் கூட்டத்தில் ஆண்களும் அமர்ந்து கேட்க வேண்டும். மனைவியிடமும் தாயிடமும் "ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவோம், நானும் கூட வருகிறேன்" என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்களே.

பின்புறமாக வந்த அந்தப் பெண்ணைக் குணமாக்கியதோடு இயேசு நின்றுவிடவில்லை. தம்மைத் தொட்டது யாரென்று நின்று கேட்டு, அவளைக் கூட்டத்தின் நடுவே வரச் செய்து, மகளே என்று அழைத்தார். மறைவில் தொடங்கியது எல்லார் முன்னிலையிலும் முடிந்தது. என் பெரியம்மாவை அப்படி நின்று கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கருமத்தம்பட்டிக்கு அவர் நடந்து போகாத அந்த முதல் ஆண்டிலேயே நான் கேட்டிருக்க வேண்டும்.