மறைத்தலும் அழித்தலும்

பிறர் போற்றும் திருவுருவம் ஒன்று நம் பொறுப்பில் வந்து சேருமாயின் நாம் என் செய்தல் வேண்டும்? அதனை வணங்குதல் நம் நெறிக்கு ஒவ்வாது, அழித்தலோ அறமாகாது. இவ்விரண்டிற்கும் நடுவே வழி ஒன்று உண்டா? துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரில் ஒரு கட்டடத்தின் சுவர்கள் இவ்வினாவை ஐந்நூறு ஆண்டுகளாக எழுப்பி வருகின்றன.

அந்நகரின் பழைய கோட்டை மதிலுக்கு அருகில் உள்ளது காரியே பள்ளிவாசல். முன்னாளில் அது கோரா என்னும் கிறித்தவத் திருமடத்தின் கோயிலாக விளங்கியது. பைசாந்தியப் பேரரசின் உயர் அமைச்சரும் பல நூல் கற்ற அறிஞருமாகிய தியோடர் மெடோகைட்ஸ் என்பார், 1315க்கும் 1321க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அதனைப் பெரும்பொருள் செலவிட்டுப் புதுப்பித்தார். பொன்னிறமும் பன்னிறமும் வாய்ந்த சின்னஞ்சிறு துண்டுகளைப் பதித்து, மரியன்னை, இயேசு பெருமான் ஆகியோரின் வரலாறுகள் மொசைக் ஓவியங்களாக்கப்பட்டன. கோயிலின் சிற்றுருவை ஏந்தி, முழந்தாளிட்டு இறைவனிடம் நீட்டும் அமைச்சரின் உருவத்தையும் ஒரு வாயிலின் மேல் இன்றும் காணலாம். ஆனால் 1328இல் அரசு கைமாறவே, அவர் செல்வமும் பதவியும் இழந்து நாடு கடத்தப்பட்டார். பின்னர்த் திரும்பி வந்து, தாம் புதுப்பித்த மடத்திலேயே துறவியாக வாழ்ந்து 1332இல் மறைந்தார். பொருள் ஈந்தவருக்கே அக்கட்டடம் உடைமையாக நிலைக்கவில்லை என்பது கருதத்தக்கது.

1453இல் உதுமானியர் நகரைக் கைப்பற்றியபோது, அங்கு வைக்கப்பட்டிருந்த புகழ் வாய்ந்த மரியன்னை படம் படையினரால் சிதைக்கப்பட்டது. அரை நூற்றாண்டிற்குப் பின், அத்திக் அலி பாஷா என்னும் அமைச்சர் கோயிலைப் பள்ளிவாசலாக மாற்றினார். அப்போது சுவரோவியங்கள் உடைக்கப்படவில்லை. காலப்போக்கில் பல, பூச்சுகளால் மறைக்கப்பட்டன. 1945இல் அரசு அதனை அருங்காட்சியகமாக்க முடிவு செய்தது. 1948 முதல் அமெரிக்க அறிஞர்கள் பூச்சுகளை நீக்கி ஓவியங்களைச் செப்பனிட்டனர்; 1958இல் அவை மக்கள் பார்வைக்கு வந்தன. 2020இல் மீண்டும் பள்ளிவாசலாக்க ஆணை பிறந்தது. 2024 மே 6ஆம் நாள் தொழுகைக்குத் திறக்கப்பட்டது.

நாம் அங்குச் சென்றிருந்தபோது, நுழைமண்டபங்களில் ஓவியங்கள் திறந்தே இருந்தன. தொழுகைக் கூடத்துச் சுவர்களில் உள்ளவற்றைத் தொழுகை நேரத்தில் திரையிட்டு மறைக்கின்றனர். மண்டபத்தில் ஓர் ஓவியத்தை அண்ணாந்து நோக்கி நின்ற பெண்மணி ஒருவரின் உதடுகள் ஓசையின்றி அசைந்தன. உள்ளே முதியவர் ஒருவர் நெற்றி நிலத்தில் படத் தொழுதுகொண்டிருந்தார். இருவருக்கும் இடையே இருந்தது ஒரு சுவரே. இருவருள் எவருடைய வழிபாடு பொய்யானது என்று நம்மால் கூற இயலவில்லை.

திரை போதுமே, வழக்குத் தீர்ந்ததன்றோ எனச் சிலர் கூறலாம். தீரவில்லை. அவ்வோவியங்களைத் தம் முன்னோர் வணங்கிய திருவுருவங்களாகக் கருதுவோர் இன்று அங்கு விருந்தினராகவே நுழைகின்றனர். அவர்தம் இழப்பினைத் திரை ஈடுசெய்யாது. அருங்காட்சியகமே நடுவுநிலை என்பாரும் உளர். அதுவோ இரு சாராரின் வழிபாட்டையும் விலக்கிக் காட்சியை மட்டும் நிறுத்தியது. குற்றம் முழுவதும் மாற்றார்மேலது என்றும் சொல்வதற்கில்லை. 843 வரை திருவுருவங்களைத் தகர்த்தோருள் பைசாந்தியப் பேரரசர்களே இருந்தனர். 1204இல் அந்நகரைச் சூறையாடியவரும் சிலுவை தாங்கிய கிறித்தவப் படையினரே.

எனவே, 'இஃது எவருடையது?' என்னும் வினாவோடு மற்றொரு வினாவையும் நாம் கேட்டல் வேண்டும். 'இன்று வைத்திருப்பவர் செய்வதை நாளை வருபவர் திருத்த இயலுமா?' என்பதே அது. உளியால் உடைத்ததை எவராலும் மீட்க இயலாது. பூச்சினை அரும்பாடுபட்டு நீக்கலாம். திரையையோ ஒரு கையால் விலக்கிவிடலாம். அதே நகரின் ஹகியா சோபியாவில் 1847 முதல் 1849 வரை பழுது பார்த்த பொசாட்டி உடன்பிறப்பினர், பூச்சின் அடியில் இருந்த மொசைக் ஓவியங்களை வெளிப்படுத்தி, வரைந்து வைத்துக்கொண்டு மீண்டும் மூடினர். சுல்தான் அப்துல்மெஜித் அவற்றை அழிக்கச் சொல்லவில்லை. தம் நெறியையும் விடாது, பிறர் பொருளையும் கெடாது காத்த செயல் அது.

நம் கைக்கு வருவன யாவும் ஒரு காலம் பிறர் கையில் இருந்தவை. மீண்டும் பிறர் கைக்குச் செல்பவை. நமக்கு உடன்பாடில்லாத ஒன்றை மறைத்தே தீர வேண்டிய நிலை வருமாயின், பின்வருவோர் எளிதில் விலக்கக்கூடிய திரையால் மறைப்போமாக. நாம் போற்றுவன பிறர் கையில் சேரும் நாளில், அவரிடம் நாம் வேண்டுவதும் அதுவேயன்றோ!