கணக்குப் போட்டவன்

அடுத்த மாதம் எனக்கு நேர்காணல். மலேசியப் பொறியாளர்கள் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்து, குறைந்தது மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தபின், செய்த வேலைகளை அறிக்கையாக எழுதிக் கொடுத்துவிட்டு மூத்தவர்கள் முன்னால் போய் உட்கார வேண்டும். தேறினால் பெயருக்கு முன்னால் 'ஐ.ஆர்.' போட்டுக்கொள்ளலாம். அம்மா இப்போதே கல்யாண அழைப்பிதழில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். 2015இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதுவும் முழுமையில்லை. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு நகராண்மைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் இன்னொரு தேர்வும் எழுதி, தொழில் நடத்தும் சான்றிதழ் வாங்க வேண்டும்.

நடத்தை நெறி பற்றியும் கேள்வி வரும். பொதுமக்களின் பாதுகாப்பே எல்லாவற்றுக்கும் மேல் என்பது எங்கள் முதல் விதி. பதில் சொல்வதில் சிரமமே இல்லை. பாதுகாப்பு முக்கியமில்லை என்று எவனாவது நேர்காணலில் சொல்வானா? அப்படியானால் இந்தத் தேர்வு எதை அளக்கிறது என்பதுதான் சில மாதங்களாக என்னைக் குடைகிற கேள்வி.

தேர்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டில் இருந்த ஹோட்டல் நியூ வோர்ல்ட் 1986 மார்ச் 15 அன்று காலையில் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரியவந்த காரணத்தைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலில் கேட்டபோது வகுப்பில் சிலர் சிரித்தோம். ஆட்கள், மேசை நாற்காலி, பொருட்கள் எல்லாவற்றின் எடையையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். கட்டடம் தன் எடையையும் தானே தாங்க வேண்டும் என்பதை விட்டுவிட்டார்கள். வடிவமைத்தது முறையான தகுதி இல்லாத ஒரு வரைவாளர். அப்படியும் அந்தக் கட்டடம் 15 வருடம் நின்றது. 1989இல் சிங்கப்பூர் புதிய கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. வடிவமைத்த பொறியாளரோடு சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் கணக்கைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்றானது. உரிமம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்த 33 பேரைத்தான் காட்ட வேண்டும்.

ஆனால் நம் ஊர் ஹைலேண்ட் டவர்ஸ் இந்தப் பதிலைக் கொஞ்சம் குழப்புகிறது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிளாங்கில் மலைச்சரிவு இறங்கி வந்து 12 மாடி பிளாக் ஒன்றைச் சாய்த்தது. 48 பேர். 2000இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பில் இரண்டு பேரை அருகருகே பார்க்கலாம். ஒருவர், கட்டடக் கலைஞருக்கான தகுதி இல்லாமல் அந்த இடத்தில் இருந்த வரைவாளர். இன்னொருவர், முறையாகத் தகுதி பெற்ற பொறியாளர். நீதிமன்றம் இருவருக்கும் ஆளுக்குப் பத்து விழுக்காடு பொறுப்பு என்றது. பொறியாளர் போட்ட அடித்தளம் மேலிருந்து இறங்கும் எடையைத் தாங்கும். பக்கவாட்டில் மண் தள்ளினால் தாங்காது. சரிவும் வடிகாலும் தன் வேலை எல்லைக்குள் வராது என்பது அவர் பக்க வாதம். அதே ஆள், வடிகால் வேலையில் பெரும்பகுதி முடியாமலிருந்தபோது முடிந்துவிட்டதாக அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். இதில் அவருக்குத் தெரியாத பாடம் எது? எந்தக் கேள்வித்தாளில் அவர் தோற்றிருப்பார்?

இதையெல்லாம் நான் வெறும் வரலாறாகத்தான் படித்துவைத்திருந்தேன், போன வருடம் அந்தத் தண்ணீர் டேங்க் விவகாரம் வரும்வரை.

மூன்று மாடிக் கடைவீட்டு வரிசை ஒன்று. கணக்கு முழுக்க நான் போட்டது, கையெழுத்தும் முத்திரையும் பாஸுடையது. எங்கள் மாதிரிச் சின்ன அலுவலகங்களில் இதுதான் நடைமுறை. கணக்குப் போடுகிறவனுக்கு உரிமம் இருக்காது. உரிமம் இருப்பவருக்கு ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்க நேரம் இருக்காது. வேறொரு வேலைக்காகப் பழைய ஃபைலைத் திறந்தபோதுதான் கவனித்தேன். குழாய் வேலைக்காரர்கள் பாதியில் டிராயிங்கைத் திருத்தி, மொட்டை மாடியில் 1,000 கேலன் டேங்க் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு என்று மாற்றியிருந்தார்கள். மின்னஞ்சல் எனக்குத்தான் வந்தது. திறந்திருக்கிறேன், 'நோட்டட்' என்று பதிலும் போட்டிருக்கிறேன். கணக்கில் மட்டும் ஏற்றவில்லை. 1,000 கேலன் தண்ணீர் என்றால் நாலரை டன். சைட்டில் மேல் சிலாப் ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது. டேங்க் இன்னும் ஏறவில்லை.

ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஒன்பது நாளில் நான் செய்த கணக்குகளைப் போலத் துல்லியமாக என் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. விதிப்படி நிலையான சுமையை 1.35 மடங்காகவும் மாறும் சுமையை 1.5 மடங்காகவும் கூட்டித்தான் வடிவமைக்கிறோம். கான்கிரீட்டின் பலத்தையும் குறைத்துத்தான் எடுத்துக்கொள்கிறோம். இதையெல்லாம் உரித்துப் பார்த்தால் அந்த பீம் இரண்டு டேங்கையும் அநேகமாகத் தாங்கும். விழாது. இரவு இரண்டு மணிக்கு அந்த 'அநேகமாக' எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லி மாளாது.

ஒன்பதாவது நாள் அந்த இதம் போய்விட்டது. பாதுகாப்புக் காரணி என்பது யாருக்கும் தெரியாதவற்றுக்காக ஒதுக்கி வைத்த இடம். கான்கிரீட் கலவை கொஞ்சம் மோசமாக இருக்கலாம், கம்பி ஓர் அங்குலம் தள்ளிப் போயிருக்கலாம், நாளைக்கு வாடகைக்கு வருகிறவர் மாடியில் எதையாவது அடுக்கி வைக்கலாம். அந்த இடம் அவர்களுடையது. எனக்குத் தெரிந்துபோன என் தப்பை அங்கே ஒளித்து வைத்தால், முகம் தெரியாத யாரோ ஒருவருடைய பங்கை நான் எடுத்துத் தின்கிறேன் என்று அர்த்தம். பீம் விழாமலே இருந்தாலும் எடுத்தது எடுத்ததுதான்.

பாஸிடம் போய்ச் சொன்னேன். முதலில் கதவைச் சாத்தச் சொன்னார். "வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் என் கணக்கை வரி வரியாகப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதே இல்லை. "தம்பி, கையெழுத்து என்னோடது. நீ ஏன் இப்படி நடுங்குற?" என்றார். தூண்களின் மேல் நேராக உட்காரும்படி எஃகு பீம் போட்டு, அதன்மேல் டேங்குகளை வைக்க ஏற்பாடு செய்தோம். குத்தகையாளர் கத்தினார். செலவை யார் ஏற்பது என்று இரண்டு வாரம் இழுத்தது. முடிந்தது.

அவர் சொன்னது பெருந்தன்மைதான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த வாக்கியம் எனக்குள் இறங்கவில்லை. கையெழுத்து அவருடையது என்றால் என் ஒன்பது நாள் யாருடையது? அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி ஹயாட் ஹோட்டலில் 1981 ஜூலை 17 அன்று தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் செத்தார்கள். ஒரே நீளக் கம்பியில் இரண்டு நடைபாதைகளும் தொங்குவதாக இருந்த வரைபடத்தை, எஃகு செய்த கம்பெனி இரண்டு கம்பிகளாக மாற்றியது. மேல் இணைப்பின் மீது விழும் சுமை இரட்டிப்பானது. இணைப்பை அவர்கள் கணக்கிடுவார்கள் என்று பொறியாளர்களும், பொறியாளர்கள் சரிபார்ப்பார்கள் என்று அவர்களும் இருந்துவிட்டார்கள். வரைபடத்தில் முத்திரை விழுந்தது. இரண்டு பொறியாளர்கள் மிசௌரி மாநில உரிமத்தை இழந்தார்கள். முத்திரைக்குச் சொந்தக்காரரைப் பிடிப்பது சட்டத்துக்குச் சுலபம், அது சரியும்கூட. யாராவது ஒருவர் பெயர் அங்கே இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்கப் போகலாம் என்பதையும் அதே முத்திரைதான் தீர்மானிக்கிறது. ஒன்பது நாள் நானும் அப்படிப் பின்னால் நின்றவன்தான்.

டேங்க் விவகாரம் முடிந்த அடுத்த வாரம் பாஸ் மூன்று வேலைகளின் வரைபடங்களில் கையெழுத்துப் போட்டார். கால் மணி நேரம் ஆனது. குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு நீரிழிவு, இரண்டு பிள்ளைகள் காலேஜில், கட்டணமோ அடிமாட்டு விலை. அவர் இடத்தில் நான் இருந்தால் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வேனா என்று தெரியவில்லை.

இப்போது அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைவீட்டு வரிசைதான் நான் தனியாகச் செய்த பெரிய வேலை. அதை விட்டுவிட்டு எழுத முடியாது. டேங்கைப் பற்றி எழுதலாமா? கூடப் படித்தவன் "மடையன் மாதிரி பண்ணாதடா, மார்க் போட வர்றவங்க கிட்ட போய் யாராவது பாவமன்னிப்பு கேட்பானா?" என்கிறான். அவன் சொல்வதில் எனக்கு ஆகும் நஷ்டம் மட்டுமில்லை. எழுதினால், பார்க்காமல் முத்திரை போட்டவர் யார் என்பதும் அதிலேயே எழுதப்பட்டுவிடும். அறிக்கையை உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். என் நேர்மைக்கு இன்னொருவரைச் செலவு செய்ய எனக்கு உரிமை உண்டா? இல்லை, இந்தக் கரிசனமே பத்தாவது நாளா?

நான்கு வரி எழுதியிருக்கிறேன். பாஸின் பெயர் அதில் இல்லை; "நான் ஏற்ற மறந்தேன், நான் தாமதித்தேன்" என்று மட்டும் இருக்கிறது. மற்றது வாசிக்கிறவர்களுக்குப் புரியும். நேற்று சாயங்காலம் அச்சிட்டு, அவர் மேசையில், கையெழுத்துக்காகக் காத்திருக்கும் மற்ற ஃபைல்களுக்கு மேலே வைத்தேன். நான்கு வரி இருப்பது பதினான்காம் பக்கத்தில். கிளம்பும்போது திரும்பிப் போய் அந்தப் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டு வந்தேன்.