சட்டைப் பொத்தான் அளவு நீலம்



மே மாதத்தில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெல்பேர்ணுக்குக் கிழக்கே, டண்டினோங் மலைத்தொடரின் ஷெர்புரூக் காட்டுக்குக் காளான் பார்க்க நண்பர்கள் ஐந்து பேர் போனோம். பறிக்க அல்ல, பார்க்க. அது தேசியப் பூங்கா. அங்கே காளான் பறிக்க அனுமதி இல்லை. உலகின் மிக உயரமான மரங்களில் ஒன்றான மவுண்டன் ஆஷ் அந்தக் காடெங்கும் நிற்கிறது. ஆனால் அன்று நாங்கள் தலை நிமிரவேயில்லை.

முதல் அரை மணி நேரம் கண்ணில் பட்டதெல்லாம் ஈர இலைகளும் உரிந்து விழுந்த மரப்பட்டைகளும்தான். எங்களில் மூத்தவர் இலங்கையின் வன்னிக்காரர், எழுபதைத் தாண்டியவர். திடீரென்று என் தோளைப் பிடித்தார். "நில்லுங்கோ தம்பி, காலை எடுக்காதேங்கோ."

என் சப்பாத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில், உக்கிப்போன மரத்துண்டு ஒன்றில், நீலம். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு குடை. நடுவில் கடும் நீலம், ஓரத்தில் வெளிறிய நீலம். மழை ஈரத்தில் மெழுகு பூசியதுபோல் மினுங்கியது. கீழே நூல் போன்ற வெள்ளைத் தண்டு. அதன் அடியில் ஒரு குட்டி வெள்ளைத் தட்டு, அதுதான் கட்டையைப் பற்றிக்கொண்டிருந்தது. மைசீனா இன்டரப்டா என்பது இதன் அறிவியற் பெயர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நியூ கலிடோனியா, கடல் கடந்து சிலி நாடு வரை இது முளைக்கிறது. ஒரு காலத்தில் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்த நாடுகள் இவை. ஒன்றைக் கண்ட பிறகு கண் பழகிவிட்டது. அதே கட்டையில் பதினேழு எண்ணினோம்.

ஐயா முழங்கால் ஈரமாவதையும் பாராமல் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் ஊர்க் கதையைச் சொன்னார். இடி முழங்கி மழை பெய்த மறுநாள் விடியவே அம்மாவோடு புற்றடிக்குக் காளான் தேடிப் போவாராம். எதைக் கறிக்கு எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பது அம்மாவின் கைக்குத் தெரியுமாம். "அந்த அறிவெல்லாம் அந்த மண்ணோட, தம்பி. இஞ்ச நான் சின்னப்பிள்ளை" என்றார்.

எழுபதைத் தாண்டியவர் வாயில் இந்தச் சொல் வந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனென்றால், அப்படி நினைக்காததால் உயிர்கள் போயிருக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து ஓக் மரங்களைக் கொண்டுவந்து நட்டபோது, அவற்றின் வேரோடு கூடவே வந்தது 'டெத் கேப்' என்ற நச்சுக் காளான். மெல்பேர்ணிலும் கன்பராவிலும் ஓக் மரத்தடிகளில், தெருவோரங்களில்கூட முளைக்கிறது. ஆசிய நாடுகளில் நாம் உண்ணும் வைக்கோல் காளானுக்கும் இதற்கும், பார்வைக்கு, அத்தனை ஒற்றுமை. வேகவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் அந்த நஞ்சு முறியாது. சாப்பிட்டு ஆறு மணி நேரம் வரை, சில வேளை ஒரு நாள் வரைகூட, உடம்பு எதையும் காட்டிக்கொள்ளாது. பிறகு வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். அடங்கிவிட்டது போலவும் தோன்றும். ஆனால் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும்.

திரும்பும் வழியில் கடைசியாக ஒருமுறை அந்தக் கட்டையருகே நின்றோம். நாம் காண்பது பழம் மட்டும்தான். காளானின் உடல் நூல் நூலாக அந்த மரத்துக்குள் ஓடி, விழுந்த மரத்தை மெல்ல மெல்ல மண்ணாக்கிக்கொண்டிருக்கிறது. ஐயா அந்தப் பதினேழையும் மறுபடி எண்ணிவிட்டுத்தான் எழுந்தார்.

நேயர்களே, இலையுதிர் காலத்தில் ஒரு மழைக்குப் பிறகு காட்டுக்குப் போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். தரைக்கு அருகே இருக்கும் கண்கள் அவர்களுடையவை. கண்டதை அங்கேயே விட்டுவிடுங்கள். யாராவது காட்டுக் காளானைச் சாப்பிட்டுவிட்டார்கள் என்றால், நோய்க்குறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் நச்சுத் தகவல் நிலையத்தின் எண் 13 11 26. உடனே அழையுங்கள்.