பழைய ஊர்தியும் பற்றின் அளவும்

நம்மிடம் பயின்று, இன்று இங்கிலாந்தில் பொறியாளராகப் பணியாற்றும் அன்பர் ஒருவர் அண்மையில் நீண்டதொரு மடல் எழுதியிருந்தார். பொருள் வரைதல் என்னும் பரிக்கிரக பரிமாண விரதத்தை ஏற்று ஒழுகும் இல்லறத்தார் அவர். 1966இல் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் துருவேறிய நிலையில் வாங்கி, ஆறு ஆண்டுகளாக விடுமுறை நாள்தோறும் தம் கையாலேயே செப்பனிட்டு வருகிறார். ‘இது பழம்பொருளைக் காக்கும் நற்பணியா? அன்றி, ஏற்ற விரதத்திற்கு நேர்ந்த குற்றமா?’ என்பது அவருடைய வினா. வினா ஒருவருடையதாயினும், ஏதேனும் ஒரு பொருளைத் துடைத்துத் துடைத்துப் போற்றும் நம் அனைவர்க்கும் அது உரியது. ஆதலின் விடையை இவ்விதழ் வாயிலாக எழுத முற்பட்டோம்.

முதலில் அவ்வூர்தியைப் பற்றிச் சிறிது அறிவோம். எம்.ஜி. என்பது மாரிஸ் கராஜஸ் என்னும் பெயரின் முதலெழுத்துகள். ஆக்ஸ்ஃபோர்டு நகரில் தோன்றிய அத்தொழில் 1929இல் அண்மையிலுள்ள அபிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. வண்டிகள் ஐந்து இலட்சத்திற்கும் மேலாக உருவாயின. 1980இல் ஆலை மூடப்பட்டது. இவ்வண்டிக்குத் தனிச் சட்டகம் இல்லை. தரைத்தகடும் பக்கத் தகடுகளுமே முழுச் சுமையையும் தாங்குகின்றன. குளிர்காலத்தில் பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பு அத்தகடுகளை அரித்துவிடும். அரித்த தகடுகளை வெட்டியெடுத்துப் புதியவற்றைப் பற்றவைப்பதே செப்பனிடுவோரின் பெரும்பணி. 1988 முதல், பழைய அச்சுகளைக் கொண்டே முழு மேற்கூட்டையும் புதிதாகச் செய்து தரும் நிறுவனமும் அங்கு உண்டு. ஆகவே கூடு புதிது, வண்ணம் புதிது, கம்பிகள் புதிது என்றான பின்னும், ‘இது என் 1966ஆம் ஆண்டு வண்டி’ என்று உரிமையாளர் கூறுகின்றார். அக்கூற்று மெய்யா?

இவ்வினா இங்கிலாந்தின் நீதிமன்றத்திற்கே சென்றதுண்டு. பெண்ட்லி நிறுவனத்தின் ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்னும் பந்தயக் கார், பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றது. பின்னர் அதன் எஞ்சினும் சட்டகமும் மேற்கூடும் பல முறை மாற்றப்பட்டன. 1932இல் பெரும் விபத்திற்கும் உள்ளாகி, மீண்டும் வேறோர் உருவில் எழுந்தது. பல்லாண்டுகள் கழித்து ஒரு கோடி பவுனுக்கு அதனை வாங்க ஒப்பியவர், ‘பந்தயத்தில் வென்ற வண்டி இதுவன்று’ எனக் கூறிப் பின்வாங்கினார். 1990இல் இலண்டன் உயர்நீதிமன்றம் வழக்கை ஆராய்ந்தது. முதல் உறுப்புகளுள் மிகச் சிலவே எஞ்சியிருப்பினும், இடையறாத வரலாறு உடையதாகையால் அப்பெயர்க்கு உரிய வண்டி அதுவே எனத் தீர்ப்பளித்தது.

நம் சமய நோக்கில் இத்தீர்ப்பு வியவகார நயம் பற்றியது. உலக வழக்கிற்கு அது போதும், தவறும் அன்று. நிச்சய நயத்தால் நோக்கின், கார் என்பது புற்கல அணுக்களின் திரள். திரண்டது பிரியும், பிரிந்தது வேறாகத் திரளும். தோற்றமும் கேடும் பரியாயத்திற்கு உரியன; நிலைபேறு திரவியத்திற்கு உரியது. துருவாகி உதிர்ந்த இரும்பும் அழிந்துவிடவில்லை. புதிதாய் ஒட்டிய இரும்பும் இல்லாமையிலிருந்து வரவில்லை. அவ்விரண்டையும் ‘ஒரே வண்டி’ எனக் கட்டுவது நாம் இடும் பெயரே. ‘எனது’ என்பதோ அப்பெயரின்மேல் நாம் ஏற்றும் இன்னொரு பெயர்.

மாணவரின் மடலில் ஓரிடம் நம் உள்ளத்தைத் தைத்தது. சென்ற கோடையில் அவருடைய அன்னையார் அங்குச் சென்றிருந்தார். செப்பனிட்ட காரில் தாயை அமர்த்தி ஊர் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது மகனின் நெடுநாள் ஆசை. அம்மையார் இருக்கையைத் தொட்டுப் பார்த்தார், ‘தோலா?’ என வினவினார். பின்னர் உள்ளே சென்றுவிட்டார். 1966ஆம் ஆண்டு வண்டிகளில் இருக்கையின் முகப்பு தோலாலானது. பழைய தோல் கிழிந்து போனமையால், அதே நிறத்தில் புதுத்தோல் வருவித்துத் தைத்திருந்தார் மாணவர். ‘தோலை நீக்கினால் வண்டியின் மூல வடிவம் கெடுமே’ என்று எழுதுகின்றார்.

அன்பரே, இங்கே சற்று நிற்போம். தரைத்தகட்டை மாற்றினீர், மூலம் கெடவில்லை. பக்கத் தகட்டையும் வண்ணத்தையும் மாற்றினீர், அப்போதும் கெடவில்லை. இருக்கை உறை ஒன்றை மாற்றினால் மட்டும் கெடுமோ? அவ்விருக்கைகளின் ஓரங்களில் ஆலையார் அன்றே செயற்கை உறைதான் இட்டனர், பிற்காலத்து எம்.ஜி.பி. வண்டிகளில் தோலை முழுதும் விட்டனர். எனவே தடுப்பது வண்டியின் மூலம் அன்று. கண்காட்சியில் வண்டியைச் சுற்றி வந்து மதிப்பெண் இடுவோரின் கண்களே தடுக்கின்றன. புதுத்தோல் வாங்கியபோது, நாம் கொல்லாவிடினும் கொலைக்கு உடன்பட்டவர் ஆகின்றோம். செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் வினைக்கு வாயில் என்பதை நம் குழந்தைகளும் அறிவர்.

ஆசாரியர்கள் பரிக்கிரகத்தைப் பொருளின் எடையால் அளக்கவில்லை. ‘எனது’ என்னும் மயக்கத்தால் அளந்தனர். புறப்பற்றுகள் பத்தினுள் ஊர்தியையும் எண்ணினர்; அகப்பற்றுகளையோ பதினான்காக விரித்தனர். சமந்தபத்திரர் இவ்விரதத்திற்குக் கூறும் ஐந்து குற்றங்களுள் அளவிறந்து சேர்த்தல், பிறர் உடைமை கண்டு வியத்தல், பேராசை என்பனவும் அடங்கும். உதிரி உறுப்புகளுக்காக இரண்டாவது வண்டியொன்று மாணவரின் கொட்டகையில் கிடக்கின்றதாம். மூன்றாவதற்கும் விலை பேசுகின்றாராம். அயலார் ஒருவரின் ஜாகுவார் காரைக் கண்டு அன்றிரவு உறக்கம் வரவில்லை என்றும் எழுதியுள்ளார். குற்றங்களை நாம் தேடிச் செல்ல வேண்டியதில்லை, அவரே வரிசைப்படுத்திவிட்டார்!

எனினும் மறுபக்கத்தையும் நோக்குதல் அநேகாந்தம் பயின்றோர்க்குக் கடமை. பழுதானதைக் குப்பையில் எறிந்து புதியதை வாங்கும் இக்காலத்தில், உள்ளதைச் செப்பனிட்டு ஆள்வது சிக்கனம். ஒருமுறை உருக்கிய இரும்பு மீண்டும் பயன்படுகின்றது. ஆறு ஆண்டுகள் ஒரு வேலையில் பொறுமையாக நிற்பதும், மறைந்த தொழிலாளரின் கைத்திறனை மதிப்பதும் நற்பண்புகளே. ஆகவே வண்டியை விற்றுவிடுக என நாம் கூற மாட்டோம். வெறுப்போடு விட்ட பொருள் நெஞ்சில் பெரிதாக வளர்வதும் உண்டு.

நாம் வேண்டுவன நான்கு. வண்டி ஒன்று என அளவு வரைந்து, எஞ்சியவற்றைத் தேவைப்படுவோர்க்குக் கொடுத்துவிடுக. பயனின்றி ஓட்டுவது அனர்த்த தண்டம் ஆகலின், ஓட்டத்திற்கும் ஓர் எல்லை வகுத்துக் கொள்க. தோலை அகற்றுக. ஆண்டுக்கொரு முறை, ‘நாளை இதனைப் பிறர் கையில் ஒப்படைக்க நேர்ந்தால் அமைதியாக ஒப்படைப்போமா?’ எனத் தம்மைத் தாமே வினவுக. ஆம் என விடை வரும்வரை வண்டி அவரிடம் இருக்கலாம். இல்லை என வந்தால், அன்று முதல் அவர்தாம் வண்டியிடம் இருக்கின்றார்.

இவ்வாறு எழுதும் நாமும் குற்றமற்றோர் அல்லோம். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எழுதிய பாடக்குறிப்பு ஏடுகளை இன்றும் பெட்டியிலிட்டுப் பூட்டி வைத்துள்ளோம். பேரப்பிள்ளைகள் தொட்டாலும் உள்ளம் துணுக்குறுகின்றது. மாணவருக்கு விடை எழுதி முடித்ததும் பெட்டியின் சாவியை மருமகளிடம் கொடுத்தோம். கை சற்றுத் தயங்கியது. தயங்கிய அளவே நம் பற்றின் அளவு எனக் கண்டோம்.

அம்மையார் அடுத்த கோடையில் மீண்டும் இங்கிலாந்து செல்கின்றார். அவர் மனமுவந்து அமரும் இருக்கையோடு அவ்வண்டி வாயிலில் நிற்குமாக.

அறம் வளர்க.