பதக்கம் பெறாத மைந்தன்

பிறந்தவர் யாவரும் ஒருநாள் இறப்பது உறுதி. ஆயினும் பெற்றோர் உயிரோடிருக்கப் பிள்ளை முந்திக்கொள்வதைப் போன்ற துயரம் வேறில்லை. அப்பிள்ளை போர்க்களத்தில் உயிர் நீத்தவனாயின், அரசு சில வேளைகளில் அவன் வீட்டாருக்கு வீரப் பதக்கம் ஒன்றை அளிக்கின்றது. அந்தப் பதக்கம் எதனை அளக்கின்றது? அது வந்து சேராத வீட்டின் இழப்பு சிறியதா?

பிலிமத்தலாவைக்கு அயலிலுள்ள பேராதனைப் பூங்காவில் 1944 இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இயங்கியது. அப்போர்க் காலத்தில் இறந்தவர்களுள் ஏறத்தாழ இருநூறு பேர் கண்டியிலுள்ள போர்வீரர் மயானத்தில் துயில்கின்றனர். பிரித்தானியர், ஆபிரிக்கர், கனடியர், இலங்கையர் எனப் பல நாட்டவரும் அங்குள்ளனர். பதவி, இனம், சமயம் என்ற வேறுபாடு பாராட்டாமல் நினைவுக்கற்களை அமைப்பதே இத்தகைய மயானங்களின் விதி. கல்லுக்குரிய இந்தச் சமநிலை பதக்கத்துக்கு இல்லை என்பதை ஒரு குடும்பத்தின் வரலாறு காட்டுகின்றது.

அயர்லாந்திற் பிறந்த டொனால்ட் கார்லண்ட் என்னும் இளைஞர் பிரித்தானிய விமானப்படையிற் சேர்ந்தார். 1940 மே 12 ஆந் திகதி, பெல்ஜியத்தில் ஜேர்மன் படைகள் கைப்பற்றியிருந்த பாலங்களைத் தகர்க்க ஐந்து விமானங்கள் சென்றன. அவற்றுள் நான்கு திரும்பவில்லை. முன்னின்று சென்ற கார்லண்டுக்கு அப்போது வயது 21. அவருடன் அதே விமானத்தில் வழிகாட்டியாக இருந்த தோமஸ் கிரே, பின்னிருந்து துப்பாக்கி இயக்கிய லோறன்ஸ் றெனோல்ட்ஸ் ஆகியோரும் மடிந்தனர். கார்லண்டுக்கும் கிரேக்கும் பிரித்தானியாவின் அதியுயர் வீர விருதாகிய விக்டோரியாச் சிலுவை வழங்கப்பட்டது. இருபது வயதான றெனோல்ட்ஸுக்கு எவ்வித வீரப் பதக்கமும் கிடைக்கவில்லை.

ஒரே விமானம், ஒரே பணி, ஒரே முடிவு. ஆயினும் மூவருள் ஒருவர் விடுபட்டார். விமானத்தின் போக்கை முடிவு செய்யும் பொறுப்பு அவரிடம் இருக்கவில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். சிறிய பதக்கமொன்றாவது கொடுத்திருக்கலாமே என்றால், அக்கால விதி அதற்கும் இடந்தரவில்லை. எதிரியின் முன்னே இறந்தவருக்கு விக்டோரியாச் சிலுவை அல்லது போர் அறிக்கையிற் பெயர் குறிக்கப்படுதல் என்னும் இரண்டைத் தவிர வேறொன்றும் அளிக்க இயலாது. இவ்விதி 1979 வரை நீடித்தது.

பதக்கம் பெற்ற வீட்டின் நிலைதான் என்ன? டொனால்டின் சகோதரர் மூவரும் விமானப்படையிற் பணியாற்றினர். அவர்களும் 1942, 1943, 1945 ஆகிய ஆண்டுகளில் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். நான்கு ஆண்மக்களை இழந்த அத்தாயிடம் எஞ்சியது ஒரு வெண்கலச் சிலுவை. அது மற்றை மூவருக்கும் ஈடாகுமா? டொனால்டுக்கேனும் ஈடாகுமா?

எனினும் பதக்கம் வீண் என்று தள்ளிவிடுவதும் முறையன்று. நம் முன்னோரும் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டிப் பெயரும் பீடும் எழுதினர். நற்செயலைப் போற்றாத சமூகத்தில் நற்செயல் அருகிப்போகும். ஆனால் பதக்கம், பிறர் கண்ணிற் பட்ட செயலுக்கே கிடைக்கின்றது. காணப்படாத செயலை அது அறியாது. பெற்ற வயிற்றின் துயரை அளக்கவும் அதற்கு இயலாது. பதக்கம் உள்ள இடத்தில் மட்டுமே பெருமை உண்டு என எண்ணுவதே பிழை.

இவ்வுண்மையை மகாபாரதம் உணர்த்துகின்றது. போர் முடிந்தபின் தருமர், உற்றார் எவருமற்று இறந்து கிடந்தோருக்கும் ஈமக்கடன் செய்வித்தார். கங்கைக் கரையில் நீர்க்கடன் செய்யும் வேளையிலேயே குந்தி, கர்ணன் தன் மூத்த மகன் என்பதை வெளியிட்டு, அவனுக்கும் நீர் வார்க்கும்படி வேண்டினாள். ஊரறிய மகன் என்று அழைக்கப்படாதவனுக்கு அத்தாய் வேண்டியது பட்டமன்று. அவனும் தன் மகனே என்னும் ஏற்பும் ஒரு கை நீருமே. தர்ப்பணத்தின் முடிவில், நீர் வார்க்க யாருமற்றவர்களுக்கும் எள்ளும் நீரும் இறைக்கும் மரபு இன்றும் உண்டு. அது பதக்கம் பெறாதோர் அனைவருக்கும் செய்யும் மரியாதையாகும்.

ஆலயத்திலும் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். உபயகாரரின் பெயர் கல்லிற் பொறிக்கப்படுகின்றது, அது நன்றே. ஆனால் திருப்பணிக்கு மண் சுமந்தவர், விடியுமுன் வீதி கூட்டியவர், மடைப்பள்ளியில் பாத்திரம் துலக்கியவர் ஆகியோரின் பெயர்கள் எக்கல்லிலும் இல்லை. வந்திக்காகக் கூலியாளாய் வந்து மண் சுமந்த பெருமான் அவர்களை நன்கறிவான். அவன் அறிந்தவர்களை அடியார்களும் அறிந்திருத்தல் வேண்டும். வரும் ஆடி அமாவாசையன்று தத்தம் முன்னோருக்கு நீர் வார்ப்போர், பெயர் எழுதப்படாத இவர்களுக்காகவும் ஒரு கை நீர் வார்ப்பாராக.