மதிலுக்கு வெளியே

சென்னைத் தெருக்களில் சுவர்களைப் பார்த்தபடி நடந்தால் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். முழங்கால் உயரத்தில் மதிலோடு மதிலாகப் பதித்த சாமி டைல்ஸ். பிள்ளையார், முருகன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். மதிலில் யாரும் சிறுநீர் கழிக்கக் கூடாது, மாடிப்படி மூலையில் வெற்றிலைச் சாறு துப்பக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. 'மீறினால் அபராதம்' என்ற எழுத்துக்கு அடங்காதவர்கள் இந்தப் படங்களுக்கு அடங்குகிறார்கள். நாலடி தள்ளி, படமில்லாத சுவரைத் தேடிப் போகிறார்கள்.

தூணிலும் துரும்பிலும் இருப்பவன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஊரில், அடுத்த சுவரில் மட்டும் அவன் எப்படி இல்லாமல் போனான்? தெருச் சுத்தம் என்றதும் குப்பைத்தொட்டி, லாரி, ஆள் பற்றாக்குறை என்றே பேச்சு போகிறது. அவையெல்லாம் வேண்டும். ஆனால் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு அவற்றால் மட்டும் எந்தத் தெருவும் சுத்தமாகிவிடாது.

வீட்டைப் பொறுத்தவரை தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடுவதும், செருப்பை வெளியே விடுவதும், குளிக்காமல் பூஜையறைக்குள் போகாததும் பழக்கத்தில் ஊறியவை. கோலம் முடிகிற இடத்தில் அக்கறையும் முடிந்துவிடுகிறது என்பதுதான் சங்கடம். வழிவழியாக வந்த தூய்மையில் பெரும்பகுதி விலக்கி வைப்பது. எச்சிலையும் அழுக்கையும் தீட்டையும் வீட்டெல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டால் வீடு சுத்தம். தள்ளியது எங்கே போய்ச் சேர்கிறது, எந்தக் கை அதை அள்ளுகிறது என்று அந்தத் தூய்மை கேட்பதே இல்லை.

அதே மரபுக்குள் வேறொரு வழியும் உண்டு. கோயில்களில் சைவக் குரவர் நால்வரின் சிலைகளுக்கு முன் நிற்பவர்கள் அப்பரை உடனே கண்டுகொள்வது அவர் ஏந்திய உழவாரத்தால். ஏழாம் நூற்றாண்டின் மாபெரும் கவிஞரைப் புல் செதுக்கும் கருவியோடு நிறுத்தி வைத்திருக்கிறது சைவம். தமக்கை திலகவதியார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, மாலை கட்டி வாழ்ந்தவர். தம்பிக்கு அந்த வழி வீட்டிலிருந்தே வந்தது. சைவ சித்தாந்தத்தின் நான்கு நெறிகளில் முதலாவதான சரியைக்கு, அதாவது உடலால் செய்யும் தொண்டுக்கு, அப்பரையே சான்று காட்டுவார்கள். திருப்புகலூரில் அவர் பணி செய்த இடத்தில் பொன்னும் நவமணியும் கிடந்தன என்றும், அவற்றையும் உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. பற்றின்மைக்கு எடுத்துக்காட்டாகவே இதைச் சொல்வது வழக்கம். துப்புரவு செய்பவரின் கண்ணாலும் படிக்கலாம்: நடக்கிறவர் காலில் குத்துவது கல்லானாலும் மாணிக்கமானாலும் அகற்ற வேண்டியதே.

ஆனாலும் அப்பரின் உழவாரம் கோயில் முற்றத்துக்கு உரியதாகவே மக்கள் நினைவில் தங்கிவிட்டது. இன்றும் உழவாரப்பணிக் குழுக்கள் விடுமுறை நாளில் பழைய கோயில்களுக்குப் போய், கோபுரத்தில் முளைத்த செடிகளைப் பிடுங்குகிறார்கள், எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுகிறார்கள், பிரகாரத்தைக் கழுவுகிறார்கள். வணங்கத்தக்க உழைப்பு. ஆனால் கழுவிய நீர் மதிலைத் தாண்டியதும் யார் பொறுப்பு?

1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவில், மன்னர்களும் அன்னி பெசன்ட்டும் இருந்த அவையில், காந்தி இதைத்தான் கேட்டார். விசுவநாதர் கோயிலுக்குப் போகும் சந்துகளின் அழுக்கைச் சொல்லி, கோயிலைச் சுற்றியே இப்படியென்றால் சுயராஜ்யம் எப்படி இருக்கும் என்றார்.

மதிலைத் தாண்டி முழுதாகத் தெருவுக்கே வந்துவிட்டவர் மகாராஷ்டிரத்தின் காட்கே பாபா. 1876இல் அமராவதி மாவட்டத்தில், சலவைத் தொழில் செய்யும் சமூகத்தில் பிறந்தவர். கந்தல் துணி, மண்சட்டி, துடைப்பம் இவைதாம் உடைமை. ஓர் ஊருக்குள் நுழைந்ததும் யாரையும் கேட்காமல் தெருவைப் பெருக்கவும் சாக்கடையைச் சுத்தம் செய்யவும் தொடங்கிவிடுவார். மாலையில் அதே ஊரில் கீர்த்தனை. எழுத்துப் படிக்காத அவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைக் கேள்வி கேட்டே பேசுவார். சாமிக்கு முன் ஆடு வெட்டுவது எதற்கு, கடன் வாங்கிக் கல்யாணம் எதற்கு, பிள்ளையைப் பள்ளிக்கு ஏன் அனுப்பவில்லை. குடியும் தீண்டாமையும் அந்தக் கேள்விகளுக்குத் தப்பவில்லை. மக்கள் தந்த பணம் பள்ளிகளாகவும் தர்மசாலைகளாகவும் ஆனது. பண்டரிபுரத்தில் தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்ட யாத்ரீகர்களுக்காக, பக்திக் கவிஞர் சோகாமேளர் பெயரில் தர்மசாலை கட்டி, பின்னாளில் அதை அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகத்திடம் ஒப்படைத்தார். 1956 டிசம்பரில், அம்பேத்கர் மறைந்த இரண்டே வாரத்தில் அவரும் மறைந்தார். காலையில் துடைப்பம் பிடித்த கையே மாலையில் சாதியைச் சுட்டிக் கேட்டது. இரண்டையும் அவர் பிரித்ததில்லை.

பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டில் சான்று நிறையவே இருக்கிறது. கழிவகற்றும் வேலையைப் புனிதமென்று புகழ்வது, அதைச் செய்பவரை அதிலேயே கட்டிப்போடும் வழி என்று 1945இல் அம்பேத்கர் கண்டித்து எழுதினார். காந்தியின் பார்வையைத்தான் அவர் குறிவைத்தார். அந்தக் கண்டனம் இன்றும் பொருந்துகிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைக்குள் இறங்கிச் சாவோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் அந்தத் தொகையை 30 லட்சமாக்கியது. தொகை கூடுகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள். இந்த வேலையைத் தொண்டு என்று போற்றுகிற வாய், கூலியையும் கையுறையையும் இயந்திரத்தையும் பற்றிப் பேசாவிட்டால் அந்தப் போற்றுதலுக்கு மதிப்பில்லை.

வாசலோடு முடிந்துவிடும் அக்கறையால் தெருவின் பாதுகாப்பும் குறைகிறது. தெருவைக் காப்பதில் போலீசுக்கு முன்னால் நிற்பவை அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் மனிதக் கண்களே என்று அமெரிக்க நகரங்களை வைத்து 1961இல் நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் வாதிட்டார். திண்ணை வைத்த தெருக்களில் அந்தக் கண்கள் எப்போதும் இருந்தன. அந்தத் திண்ணைகளில் எல்லாச் சாதியாரும் உட்கார முடிந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று கம்பிக்கதவும் கேமராவும் வந்துவிட்ட தெருவில், அணைந்துபோன விளக்கைப் பற்றிப் புகார் கொடுக்க ஆளில்லாமல் போவது உண்டு.

தெருவும் இறைவனுடையதே என்று சொல்ல வெளியிலிருந்து புதுத் தத்துவம் எதுவும் வர வேண்டியதில்லை. தேர்த் திருவிழா அதைத்தான் செய்து காட்டுகிறது. உற்சவர் மதிலுக்குள் காத்திருக்காமல் மாடவீதிக்கு எழுந்தருளுகிறார். அதற்கு முன் பள்ளம் தூர்க்கப்படுகிறது, குப்பை அகற்றப்படுகிறது, வீட்டுக்கு வீடு நீர் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். தேர் நிலைக்குத் திரும்பிய மறுநாள் அதே வீதியில் பிளாஸ்டிக் தம்ளர்களும் பிரசாதத் தொன்னைகளும் காலில் மிதிபடுகின்றன. அவற்றை அள்ள விடியற்காலையில் வருபவர்களின் பெயர் வீதியில் பலருக்குத் தெரியாது.

உழவாரப்பணிக் குழுக்கள் கோயிலுக்குள் போகும் முன் ஒரு மணி நேரத்தை அந்த வீதிக்குத் தரலாம். அங்கே வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களோடு நின்று அள்ளலாம், அவர்களுக்குக் கையுறையும் காலணியும் வந்ததா, சம்பளம் மாதாமாதம் வருகிறதா என்று கேட்கலாம். தமிழக நகரங்களில் 2022 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. பணியாளர்களிடம் கேட்டறிந்ததை அங்கே எழுந்து சொல்வதையும் சரியையில் சேர்த்துக்கொள்ளச் சைவத்தில் தடையேதும் இல்லை.